மேலே ஏற ஒரு படி

பிரிட்டனில் வலி கிளினிக்கில் முதுகில் ஊசி போடுபவர் கன்சல்டன்ட்டாகத்தான் (அங்கே மருத்துவர்களின் உச்சப் பதவி) இருப்பார் என்றில்லை. சாஸ் டாக்டராகவும் இருக்கலாம்: கன்சல்டன்ட்டும் அல்ல, பயிற்சி மருத்துவரும் அல்ல, ஆனால் அனுபவசாலி. நம்மூரில் படித்துவிட்டுப் போனவர்களும் இதில் உண்டு.

சாஸ் டாக்டர்கள் மேலே ஏற இருந்த படியான அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் பதவியை 2008இல் புதியவர்களுக்கு மூடினார்கள். அடுத்த படி ஸ்பெஷலிஸ்ட் என்ற பெயரில் 2021இல்தான் வந்தது. பதிமூன்று வருஷம்! அதுவும் தானாக வராது. மருத்துவமனை இடம் உருவாக்கினால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

கன்சல்டன்ட் ஆக போர்ட்ஃபோலியோ வழி இருக்கிறது: வழக்கமான பயிற்சிக்குப் பதில், அனுபவத்துக்குச் சான்றுகள் சேர்த்துக் காட்டுவது. ஆனால் வலி மருத்துவம் அங்கே மயக்கவியலின் கிளை. அந்த வழியில் போனால் ஐசியு, பிரசவ அறை அனுபவத்துக்கும் சான்று காட்டணும். வாரம் முழுக்க கிளினிக்கில் உட்கார வைத்துவிட்டால் அதையெல்லாம் எப்போது சேர்ப்பது? சில மாதம் ஐசியுவுக்கு அனுப்புங்கள் என்றால், "அப்போ இங்கே நோயாளி லிஸ்ட்டை யார் பார்ப்பது?" என்கிறார்கள் மருத்துவமனையில்.