பிஸ்கட் டின்னில் வந்த மொரிஸ் மைனர்

ஜூன் 7, 2025, சனி

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் விடிந்ததிலிருந்து மழை. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னை மழைக்கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்தார். உள்ளே மொரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலக் காரின் பிளாஸ்டிக் மாடல் ஒன்று, பாகங்களை ஒட்டிச் செய்வது: பொடி (மேல்கூடு), அடித்தட்டு, மூன்று சில்லு, முறிந்த பம்பர். அவருடைய தாத்தா துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையலும் வீட்டு வேலையும் பார்ப்பவராக, இருந்தவர். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, மகன் ஒட்டிய காரை அவரிடம் விட்டுப் போயிருக்கிறார்கள்.

“புதுசாக்கிடாத தம்பி. பழசாவே நல்லாக்கிக் குடு.”

சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சொல்வது சுலபம்.

அடிமட்டம் வைத்துப் பார்த்தால் 11.7 சென்டிமீட்டர். அசல் கார் 3.76 மீட்டர், ஆக 1/32 அளவு. மாடல் கிட் செய்யும் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி இந்த அளவில் ஒரு மைனர் விட்டிருந்தது. முன் கண்ணாடியில் நடுப்பிளவு இல்லை. அப்படியானால் 1956இல் வந்த ‘மைனர் 1000’.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

லீவு. துரை மகன் தூரிகையால் அப்பியிருந்த பச்சை எனாமலை எடுக்க, ஐஸ்கிரீம் டப்பாவில் பிரேக் ஒயில் ஊற்றி நேற்றிரவே ஊறப்போட்டிருந்தேன். காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரிந்து வருகிறது. மாடலின் பிளாஸ்டிக்கான பொலிஸ்டைரீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையுறை கட்டாயம், கண்ணாடிப் பாகங்களை இதில் போடவே கூடாது.

பச்சை போன பிறகுதான் கூரையில் இரண்டு கைரேகை தெரிந்தது. பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். அந்தப் பசை விரலோடு தொட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். வெளிப்பக்கத்து ரேகையைத் தேய்த்துவிடுவேன். உள்பக்கத்தில் இருப்பது இருக்கட்டும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 14, சனி

இன்று முழுக்க பொனட். மைனர் பொனட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டை மேடாக ஓடும். அலங்காரத்துக்கு வைத்ததல்ல அது. தயாரிப்புக்கு முன் செய்து பார்த்த மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். 4 அங்குலம் தள்ளியதும் கண்ணுக்குச் சரியாகிவிட்டது. 1948இல் வெளிவந்த காரின் பொனட்டில் அந்த 4 அங்குலம்தான் பட்டையாக நிற்கிறது. பம்பர்கள் ஏற்கனவே அடித்து முடிந்திருந்ததால், ஆரம்ப கால வண்டிகளுக்கு அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள்.

1/32இல் அது 3 மில்லிமீட்டர் சொச்சம். இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டிவிட்டு, 800 வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள்) ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் பட்டை மழுங்கும், மழுங்கினால் அது மைனரே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டைக் குமிழ். பம்பருக்கு சொக்லேட் ஈயத்தாள். நாலாவது சில்லுக்குப் பழைய கிட் ஒன்றிலிருந்து இரவல்.

ஜூன் 21, சனி

கொழும்பில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், நினைத்த நேரத்தில் ஸ்பிரே அடிக்கலாம். இங்கே ஜூன் மாதத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. தின்னர் ஆவியாகும்போது அடித்த இடம் குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து, சாம்பல் நிற லாக்கர் பெயின்ட் வெளுத்துவிடும். அதனால் துண்டு பிளாஸ்டிக்கில் சோதனை மட்டும் அடித்தேன். எதிர்பார்த்தபடியே வெளுப்பு. மெதுவாகக் காயும் தின்னரை மெல்லிசாக மேலே அடித்தால் தெளிந்துவிடுகிறது என்றாலும், பொடியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

ஜூன் 24, செவ்வாய்

பகல் பன்னிரண்டுக்கு அரை மணி நேரம் வெயில். முதலில் பிரைமர், வாகன லாக்கர் வெறும் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். அப்புறம் மெல்லிய சாம்பல். உடனே மேசை விளக்கின் கீழ் அட்டைப் பெட்டிக்குள். சூடு அதிகமானால் கூரைத் தூண்கள் வளையும், ஆகவே கை வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு மேல் விடவில்லை. பளபளப்பு வார்னிஷ் கிடையாது. தோட்ட ரோட்டில் ஓடிய கார் அவ்வளவு மினுங்காது.

ஜூன் 29, ஞாயிறு

மிச்சம் நம்பர் பிளேட். 1956 என்றால் ஆங்கில எழுத்து நம்பராகவும் இருக்கலாம், 1958இல் அரசு கொண்டுவந்த பிறகு வாங்கியதென்றால் நம்பரில் சிங்கள ஸ்ரீ எழுத்து. அதை எதிர்த்துத் தமிழர்கள் அந்த ஸ்ரீக்குத் தார் பூசிய கதை எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கும் தெரியும், பொகவந்தலாவையில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. மாடலுக்கு அழகாக ஏதோ ஒரு நம்பர் போட்டு முடிக்கிற விஷயமில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“துரை கார்ல ஸ்ரீ இருந்திச்சா அண்ணே?”

“எனக்கெங்க தெரியும். அம்மாகிட்ட ஒரு போட்டோ இருக்கு, பங்களா வாசல்ல தாத்தா நிக்கிறாரு, பின்னால காரு. தேடச் சொல்றேன்.”

எழுத்து 3 மில்லிமீட்டர் உயரம்கூட வராது. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை இல்லாததால், வெள்ளை டெக்கல் தாளில் (மாடலில் ஒட்டும் ஸ்டிக்கர் தாள்) சுற்றிலும் கறுப்பை அடித்து எழுத்தை வெறுமையாக விட வேண்டும். போட்டோ கிடைத்ததும் ஹட்டனில் அடித்துக்கொள்ளலாம். எது இருந்ததோ அதுவே ஒட்டப்படும், ஸ்ரீயானாலும் சரி.