மாமா வீட்டு 315ஐ பாலிஷ் போடாதீங்க

மாமா வீட்டுல இருக்குற பழைய 315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பாக்க வர்றவனெல்லாம் சொல்லுதது ஒண்ணுதான், "நல்லா பஃப் அடிச்சு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிரும் மக்கா". ஆயிரும், ஆனா பேரல்ல அடிச்சிருக்க குட்டிக் குட்டி முத்திரையும் சேந்து தேஞ்சு போவும், அதுதான் அதுக்க ஜாதகமே.

கீரிப்பாறை பக்கம் எஸ்டேட்ல தாத்தா வேலை பாத்தப்ப ஒரு துரைகிட்ட இருந்து லைசென்ஸோட கைமாறினது. எப்பன்னு கேட்டா மாமா ஒண்ணு சொல்லுவாவ, அத்தை 'கன்யாரி தமிழ்நாட்டோட சேந்த வருஷம்'ன்னு சொல்லுவாவ, அதாவது 1956. ஆனா வாங்கின வருஷம் வேற, செஞ்ச வருஷம் வேற.

மொதல்ல மேகசினைக் கழட்டி, போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ள தள்ளி அடைக்குற இரும்புத் தண்டை இழுத்து, தோட்டா உக்காருற சேம்பர்ல வெரலை விட்டு காலியான்னு பாக்கணும், எத்தனை வருஷமா சும்மா கெடந்தாலும் சரி. அப்புறம் டார்ச் அடிச்சு பாத்தா மூணு துப்பாக்கியைச் சாச்சு நிறுத்தின மாதிரி ஒரு முத்திரை, அது பர்மிங்காம் பி.எஸ்.ஏ கம்பெனி. 315 போர், அதாவது அந்தக் குழல் அளவு, அன்னைக்கு இந்தியாவுல ரொம்ப சகஜம், ஏன்னா பட்டாளத்து 303 தோட்டாவை சாதாரண ஆளுங்க கைல குடுக்க வெள்ளைக்காரனுக்கு பயம், அதனால ஆஸ்திரியாக்காரனோட 8 மி.மீ தோட்டாவை 315ன்னு வித்தான். இனி குழலைச் சோதிச்சுப் பாத்ததுக்கு அடிச்ச கிரீட முத்திரையைப் பாருங்க. கிரீடத்துக்குக் கீழ பி.பி, பி.வி, என்.பி-ன்னு தனித்தனியா இருந்தா 1904ல இருந்து 1954க்குள்ள சோதிச்சது. பி.என்.பி-ன்னு ஒரே முத்திரையும் கூட எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு டன் கணக்கும் இருந்தா அதுக்குப் பொறவு. மாமாவோடது மொதல் வகை, பக்கத்துலயே கார்டைட்டுன்னும், அதாவது அந்தக் காலத்துப் புகையில்லா வெடிமருந்து பேரும், அடிச்சிருக்கு. ஆக அத்தை சொன்ன வருஷத்துக்கும் முந்தினதுதான், வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். போல்ட் கைப்பிடியில உள்ள நம்பரும் பாடியில உள்ள நம்பரும் ஒண்ணா இருக்கான்னும் பாத்துக்கிடுங்க, போல்ட் மாறியிருந்தா சுடுறதைப் பத்தி நினைக்கவே வேண்டாம்.

பாதுகாக்குறதுதான் பெரும்பாடு. நம்ம ஊர்ல ஆனியிலயும் மழை ஐப்பசியிலயும் மழை, போதாததுக்கு உப்புக்காத்து. வீட்டுல கையில கெடைக்குறது தேங்கண்ணெய், அதை மட்டும் தடவாதீங்க, நாளானா பிசினாட்டம் ஒட்டி போல்ட் இறுகிரும். மெல்லிசா கன் ஆயில் போதும். துருவுக்கு சாண்ட்பேப்பர் வேண்டாம், ரொம்ப நைஸான ஸ்டீல் வுல்லை எண்ணெயில தொட்டு மெதுவா தேய்க்கணும், இரும்பு மேல உள்ள கருநீலப் பூச்சு போவாம. பழைய தோட்டா சுட்ட பேரல்னா உள்ள உப்பு நிக்கும், எண்ணெயில அது கரையாது, சுடுதண்ணி ஊத்திக் கழுவி நல்லா காய வச்சிட்டுத்தான் எண்ணெய். தோல் உறையைப் பாக்கறதுக்கு அழகு, ஆனா ஈரத்தைக் குடிச்சு இரும்பைத் தின்னுரும், அதனால உறை தனியா, ரைஃபிள் தனியா. மாமா குழல் வாயை மேல பாத்து நிறுத்தித்தான் வச்சிருந்தாவ, எண்ணெய் எல்லாம் கீழ எறங்கி போல்ட் பக்கத்து வால்நட் கட்டை கறுத்துப் போயி நகத்தால அமுக்குனா பதியுது. இப்ப வாயைக் கீழ பாத்து சாச்சாச்சு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட வேட்டை ஏறக்குறைய முடிஞ்சுது, அதனால இது இனி வச்சுப் பாக்கத்தான். அதுக்கும் கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும், மாமாவுக்குப் பொறவு யாருக்குன்னு இப்பவே பேசி வச்சாதான் நல்லது. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, அங்க எந்த மூலையில எத்தனை நாள் கெடக்குமோ, குடுக்குறதுக்கு முந்தின ராத்திரி எண்ணெய் கொஞ்சம் தாராளமாவே போட்டுருங்க, நம்பரோட நாலு போட்டோவும் எடுத்து வச்சிருங்க.