64-பிட் ஆட்டோகேடும் பழைய ஆக்சஸ் டேட்டாபேஸும்: ஜெட்டைத் தேடி அலையாதீர்கள்

புது கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆட்டோகேடில் டிபிகனெக்ட், அதாவது டிராயிங்கை டேட்டாபேஸோடு இணைக்கும் வசதி, படுத்துவிட்டதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். "அதையெல்லாம் இன்னுமா பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இங்கேயே விடைபெறலாம். எங்கள் டிசைன் செக்‌ஷனில் வால்வு லிஸ்ட் முழுக்க அதில்தான் ஓடுகிறது. பைப்பிங் டிராயிங்கில் இருக்கும் ஒவ்வொரு வால்வும் ஆக்சஸ் டேபிளில் ஒரு வரியோடு இணைந்திருக்கும். வரியைத் தேர்ந்தெடுத்தால் டிராயிங்கில் வால்வு தெரியும், வால்வைத் தொட்டால் வரி வரும்.

பழைய மெஷினில் எல்லாமே 32-பிட். புதியதில் விண்டோஸ் 11, ஆட்டோகேட் 64-பிட். வேறு வழியும் இல்லை, 2020 வெர்ஷனிலிருந்து 32-பிட் ஆட்டோகேட் வருவதே இல்லை. இன்ஸ்டால், லைசன்ஸ், பிளாட்டர் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. டிபிகனெக்டில் பழைய யுடிஎல் கோப்பை (எந்த டேட்டாபேஸ், எதன் வழியாகத் திறப்பது என்ற விவரம் இருக்கும் சின்னக் கோப்பு) கொடுத்ததும், புரொவைடரையே, அதாவது டேட்டாபேஸைத் திறந்து கொடுக்கும் டிரைவரையே, காணோம் என்று நின்றுவிட்டது.

மென்பொருள் வாங்கிய டீலரின் சப்போர்ட்டைக் கூப்பிட்டேன். பேசியவர் கேட்காமலேயே தீர்ப்புச் சொன்னார்: "ஜெட் டிரைவர் போயிருக்கும் மேடம், மறுபடி இன்ஸ்டால் பண்ணிடுங்க." ஜெட் என்பது ஆக்சஸ் கோப்புகளைப் படிக்கும் பழைய எஞ்சின். எங்கிருந்து பண்ணுவது? ஜெட் 4.0 ஓஎல்இடிபி புரொவைடருக்கு 64-பிட் வடிவம் வெளிவந்ததே இல்லை. 32-பிட் ஜெட் விண்டோஸோடேயே வருகிறது, அது என் மெஷினிலும் நன்றாகவே இருந்தது. 64-பிட் புரோகிராம் 32-பிட் டிரைவரைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளாது, பிரச்சினை அவ்வளவுதான். விண்டோஸ் எத்தனை பிட் என்பதைவிட, கேட்கிற புரோகிராமும் டிரைவரும் ஒரே பிட்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் அவர் ரிமோட்டில் உள்ளே வந்தார். டேட்டாபேஸ் இணைப்புகளை அமைக்கும் விண்டோஸ் கருவியான ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரைத் திறந்து ஒரு டிஎஸ்என் (பெயர் வைத்துச் சேமிக்கும் இணைப்பு) உருவாக்கினார், எக்செலைத் திறந்து அதன் வழியாக டேபிளை இழுத்துக் காட்டினார். "பாருங்க மேடம், டேட்டா வருது." டிக்கெட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். எக்செலில் வந்ததற்குக் காரணம், எங்கள் ஆபீஸ் தொகுப்பு 32-பிட் என்பதுதான். ஆட்டோகேடில் அதே டிஎஸ்என்னைக் கொடுத்தால், டிரைவருக்கும் புரோகிராமுக்கும் கட்டமைப்பு பொருந்தவில்லை என்று வந்தது. ரிமோட்டில் வருபவர் எக்செலில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த மென்பொருளில் வேலை நடக்க வேண்டுமோ அதில் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரில் இன்னொரு வேடிக்கை உண்டு. மெஷினில் அது இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்றே, பெயரின் கடைசியில் 32 என்றும் இருக்கும். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பதுதான் 64-பிட். சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32-பிட். எழுத்துப்பிழை இல்லை, உண்மையிலேயே இப்படித் தலைகீழாகத்தான் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 7-இல் திறந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் 8 முதல் ஸ்டார்ட் மெனுவில் 32-பிட், 64-பிட் என்று தனித்தனியாகப் போட்டிருப்பதால் கொஞ்சம் பிழைத்தோம்.

ஆட்டோகேட் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் காலியான டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை உருவாக்கி, கடைசிப் பகுதியை யுடிஎல் என்று மாற்றி, டபுள் கிளிக் செய்யுங்கள். வருகிற புரொவைடர் பட்டியல்தான் 64-பிட் புரோகிராமுக்குத் தெரியும் பட்டியல். என்னுடையதில் ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் இல்லவே இல்லை. ஏஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்களே, ஜெட்டின் வாரிசு, அதுதான் 64-பிட்டில் கிடைப்பது. 2010-இல் வந்த பதிப்பிலிருந்து உண்டு.

64-பிட் ஏஸ் 2016-ஐ இறக்கி ஓடவிட்டால், மெஷினில் 32-பிட் ஆபீஸ் இருக்கிறது, அதை நீக்கிவிட்டு வா என்றது. நியாயமான வழி, ஆபீஸையே 64-பிட்டுக்கு மாற்றுவது. முடிகிறவர்கள் அதையே செய்யுங்கள். எங்களிடம் எஸ்டிமேஷனுக்கு 32-பிட் எக்செலில் மட்டும் ஓடும் பழைய ஆட்-இன் ஒன்று இருக்கிறது, அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. எனவே குறுக்குவழிதான். அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, இன்ஸ்டாலர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'கொயட்' என்ற சொல்லும் சேர்த்து ஓட்ட வேண்டும். ஒரு சத்தமும் இருக்காது, முடிந்ததா என்றுகூடச் சொல்லாது. யுடிஎல் கோப்பை மறுபடி திறந்தேன், பட்டியலில் ஏஸ் உட்கார்ந்திருந்தது! மைக்ரோசாஃப்ட் இந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஏடாகூடம் செய்தால் ரிப்பேர் போடத் தயாராக இருங்கள்.

அடுத்த அடி டேட்டாபேஸிலிருந்தே வந்தது. முந்தைய பதிப்பில் உருவான கோப்பு, திறக்க முடியாது என்றது. யாரோ ஆக்சஸ் 97-இல் ஆரம்பித்து வைத்த எம்டிபி (பழைய ஆக்சஸ் கோப்பு வகை) அது. ஆக்சஸ் 2013 முதல் அந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டார்கள், 2016 ஏஸும் திறக்காது. நல்லவேளை, அக்கவுன்ட்ஸில் ஒரு மூலையில் ஆக்சஸ் 2010 இருந்தது. அதில் திறந்து 2002-2003 வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன். உங்களிடமும் பழைய ஆக்சஸ் உள்ள மெஷின் இருந்தால், அதைக் கழித்துக் கட்டுவதற்கு முன் கோப்புகளை மாற்றி வைத்துவிடுங்கள்.

ஏஸ் புரொவைடரைத் தேர்ந்தெடுத்தால், ஜெட்டில் இருந்த மாதிரி கோப்பைத் தேடி எடுக்கும் பட்டன் இருக்காது, பாதையை நாமே அடிக்க வேண்டும். விண்டோஸில் 'காப்பி ஆஸ் பாத்' கொடுத்து ஒட்டினால் முன்னும் பின்னும் மேற்கோள்குறி சேர்ந்து வரும். அதை அழித்துவிட்டுத்தான் டெஸ்ட் கனெக்‌ஷன் அழுத்த வேண்டும். யுடிஎல் கோப்புக்குப் பழைய பெயரையே வையுங்கள். டிராயிங்கில் இருக்கும் லிங்க் டெம்ப்ளேட்டுகள், அதாவது எந்த டேபிளோடு எப்படி இணைப்பது என்ற அமைப்புகள், அந்தப் பெயரைத்தான் தேடும். பெயர் மாறினால் பழைய இணைப்புகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் பகுதியில் டேட்டா சோர்ஸ் இடம் எந்த ஃபோல்டர் என்று பார்த்து, அங்கே அதைப் போட வேண்டும்.

போட்டேன், வந்தது. கேட் வால்வு ஒன்றைத் தொட்டதும் டேபிளில் அதன் வரி நீலமானது. பக்கத்து சீட் அண்ணன் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "என் மெஷின்லயும் போட்டுக் குடும்மா" என்றார்.

அவர் மெஷினில் வேறு கதை. டேட்டா தெரிந்தது, மாற்ற முடியவில்லை. சர்வரில் அந்த ஃபோல்டருக்கு அவருக்குப் படிக்கும் உரிமை மட்டுமே கொடுத்திருந்தார்கள். டேட்டாபேஸ் திறக்கும்போது அதே ஃபோல்டரில் ஒரு லாக் கோப்பு உருவாகும், அதற்கு எழுதவும் அழிக்கவும் உரிமை வேண்டும். எம்டிபி கோப்புக்கு மட்டும் உரிமை கேட்டால் போதாது, ஃபோல்டருக்கே கேளுங்கள். ஐடி செக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், மேனேஜர் கையெழுத்துக்குப் போயிருக்கிறதாம்.