போன வருட கட்-ஆஃபை நம்பி லட்டு வாங்கிய கதை

அக்கா மகள் நீட் எழுதிய இரண்டு வருடமும் எங்கள் வீட்டுக் கணக்கு தப்பாகத்தான் போனது. 2024-இல் இடம் கிடைத்த மாதிரிதான் என்று லட்டு வாங்கினோம், கிடைக்கவில்லை. 2025-இல் எல்லாம் போச்சு என்று வீடே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, கிடைத்துவிட்டது. இதில் எனக்குக் கூடுதல் வெட்கம், ஏனென்றால் நான் பிழைப்புக்கே கணக்கு பார்க்கிறவன். திருச்சியில் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுக் கொடுக்கிற ஆள், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து இடம் வருமா வராதா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்த நேரத்தில் நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். மே மாதம் வந்தால் யாராவது ஒரு சொந்தக்காரர் போன் செய்து "உனக்குத்தான் தெரியுமே, இந்த மார்க்குக்குக் கிடைக்குமா" என்று கேட்கிறார், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை. (அவள் மதிப்பெண்ணை எழுதக்கூடாது என்பது கண்டிஷன். அதனால் வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன்.)

முதல் வருடம் நாங்கள் செய்த தவறு எளிமையானது. தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே கோச்சிங் காரர்கள் கீ, அதாவது சரியான விடைகளின் பட்டியல், போட்டுவிடுவார்கள். அதை வைத்துக் கூட்டினோம், நல்ல எண் வந்தது. அத்தான் உடனே போனில் 2023-இன் கட்-ஆஃப் பட்டியலைத் தேடி எடுத்தார். எங்கள் பி.சி. பிரிவில் கடைசியாக அரசுக் கல்லூரி கிடைத்தவரைவிட இவளுக்கு நன்றாகவே அதிகம். அப்புறம் என்ன, லட்டுதான்.

ஜூன் 4-ஆம் தேதி ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது, மார்க் ஏறியது இவளுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே ஏறியிருந்தது. நாடு முழுக்க 67 பேர் 720-க்கு 720. கருணை மதிப்பெண், வழக்கு, உச்ச நீதிமன்றம் என்று போய், திருத்திய பட்டியலில் அது 17 ஆனது. முதலிடத்தில் 67 பேரா 17 பேரா என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, நடுவில் நின்ற ஆயிரக்கணக்கானோர்தான் பிரச்சினை. முந்தைய வருடம் வசதியாக அரசுக் கல்லூரிக்குள் போயிருக்கக்கூடிய மார்க், அந்த வருடம் வாசலைக்கூட எட்டவில்லை. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் வருடத்துக்கு நாலு, நாலரை லட்சம் கட்டணம், ஹாஸ்டல் தனி. அத்தான் ஒரு ராத்திரி முழுக்கக் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் "இன்னொரு தடவை எழுதட்டும்" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே பழைய இயற்பியல் புத்தகத்துக்குப் புதிதாக அட்டை போட்டாள்.

2025 மே 4. மையத்திலிருந்து வெளியே வந்தபோதே முகம் செத்திருந்தது. இயற்பியல் அடித்துப் போட்டிருந்தது. அன்று ராத்திரி சமையலறை மேடையில் கேள்வித்தாளை விரித்து வைத்தோம். (விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள், கேள்வித்தாள் நம் கையில் வரும். அதில் தான் போட்ட விடையைக் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால்தான் அன்றைக்கே கணக்கு பார்க்க முடியும்.) உயிரியல் பக்கங்கள் சுத்தமாக இருந்தன, ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். இயற்பியல் பக்கங்களில் ஓரமெல்லாம் பேனா கிறுக்கல், போட்டு அடித்து மறுபடி போட்ட சமன்பாடுகள், ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம். "எதைப் பாப்பா ஷேட் பண்ணினே?" என்றேன். "தெரியல மாமா" என்றாள். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சரி என்று மூன்று கட்டம் போட்டேன். நிச்சயம் சரி, நிச்சயம் தப்பு, ஞாபகம் இல்லை. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறையும் என்பதால் ஒரு கேள்வி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்குள் 5 மதிப்பெண் இருக்கிறது. அப்படி ஒன்பது கேள்விகள். அதாவது 45 மதிப்பெண் அகலத்துக்கு எங்கள் "கணக்கு" ஊசலாடியது. ஒற்றை எண்ணாகச் சொல்கிற யாரையும் அன்றைக்கு நம்பக்கூடாது என்பது அப்போது புரிந்தது. தேர்வு முகமை விடைத்தாளின் நகலையும் தற்காலிகக் கீயையும் வெளியிட ஒரு மாதம் ஆகும், அதுவரை இந்த ஊசல்தான்.

எல்லாவற்றையும் நல்ல பக்கம் சாய்த்துக் கூட்டினாலும் போன தடவை அவள் எடுத்ததைவிட ஏறக்குறைய தொண்ணூறு குறைவு. 2024 பட்டியலோடு வைத்துப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

இணையத்தில் "உங்கள் ரேங்க்கைக் கணிக்கிறோம்" என்று ஒரு பக்கம், மார்க்கைப் போட்டால் போதாது, போன் நம்பரும் வேண்டுமாம். அசந்த நேரத்தில் போட்டுவிட்டேன். அது சொன்ன ரேங்க் நிஜத்தின் பக்கத்தில்கூட வரவில்லை, ஆனால் ஆலோசகர்கள் வந்தார்கள், மூன்று மாதம், தினமும். ஒருவர் "தகுதி மதிப்பெண் வந்துடும் சார், வெளிநாட்டுக்கு அது போதும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி வேண்டும். திரும்பி வந்து இங்கே இன்னொரு தேர்வு இருக்கிறது, அதில் பெரும்பாலோர் தேறுவதில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

இந்தத் "தகுதி" என்ற வார்த்தைதான் வீடுகளில் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. 2025-இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க அரசும் தனியாரும் சேர்த்து எம்.பி.பி.எஸ். இடம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக, "பாஸ் ஆயிட்டா" என்பது வரிசையில் நிற்க டோக்கன் கிடைத்த மாதிரிதான்.

உருப்படியாக ஒன்று சொன்னவள் அவளேதான். "மாமா, மார்க்கை விடுங்க. எங்க பேட்ச்ல எல்லாரும் கூட்டிப் பார்த்துட்டாங்க. மாதிரித் தேர்வுல நான் எப்பவும் எட்டு, ஒன்பதுல இருப்பேன். இப்பவும் ஏழாவது." எனக்குச் சுளீரென்றது. எல்லோருக்கும் சேர்ந்து இறங்கியிருந்தால் இவள் இறங்கவே இல்லை! போன வருடம் அதே வகுப்பிலிருந்து எத்தனை பேர் அரசுக் கல்லூரிக்குப் போனார்கள் என்று கேட்டேன். பதினொன்று. ஒரு வகுப்பறையை வைத்து ஊரையே எடை போட முடியாதுதான், ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் எங்கள் கையில் கிடைத்த எல்லாக் கணக்கையும்விட அது நிஜத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜூன் 14-ஆம் தேதி ரிசல்ட். நாட்டில் முதல் மதிப்பெண்ணே 686. இவளுடைய ஸ்கோர்கார்டில் மார்க் படுமோசம், அகில இந்திய ரேங்க் மட்டும் முந்தைய வருடத்தைவிட நன்றாக முன்னேறியிருந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டை (அரசுக் கல்லூரிகளில் நாடு முழுக்கப் பொதுவாகப் போகிற இடங்கள்) பாருங்கள், பொதுப் பிரிவில் அரசுக் கல்லூரியின் கடைசி இடம் இரண்டு வருடமும் சுமார் இருபதாயிரமாவது ரேங்கை ஒட்டித்தான் முடிந்தது, அந்த ரேங்குக்கான மார்க்தான் நூறுக்கும் மேல் இறங்கிவிட்டது. ஒரே வருடத்தில் இடம் பெரிதாகக் கூடிவிடாது, ஆகவே வரிசையின் நீளம் அப்படியே இருக்கும், மார்க்தான் கேள்வித்தாளைப் பொறுத்து ஏறி இறங்கும். இவ்வளவு எளிய விஷயத்துக்கு நாங்கள் ஒரு வருடமும் ஒரு கிலோ லட்டும் செலவழித்திருக்கிறோம்.

அதற்கப்புறம் மாநிலக் கணக்கு. 150 இடம் உள்ள ஒரு அரசுக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும், மீதி 127-ஐ ஒட்டி. அதில் 7.5 சதவீதம், ஒன்பதோ பத்தோ, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2020-லிருந்து. (அந்த 7.5 பட்டியலின் கட்-ஆஃபைப் பார்த்த அன்று, தனியார் பள்ளிக்குக் கட்டிய பணத்தை நினைத்து அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.) மிச்சம் 118 சொச்சத்தில் பி.சி.க்கு 26.5 சதவீதம், ஆக 31 இடம். ஆனால் பி.சி. பிள்ளைக்கு வாய்ப்பு அந்த 31-இல் மட்டும்தான் என்று நினைப்பது தப்பு. பொதுப் போட்டி என்கிற 31 சதவீதம் யாருக்கும் தனியானது இல்லை, மார்க் வரிசையில் எல்லாச் சமூகத்தினரும் அதில் போவார்கள். நம் பட்டியலில் மேலே இருப்பவர்கள் அந்த வழியாக உள்ளே போக, கீழே இருக்கிறவர் ஒவ்வொருவராக மேலே நகர்வார். அதனால் மாநிலப் பட்டியல் வந்ததும் பார்க்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் கம்யூனிட்டி ரேங்க் என்ன, போன வருடம் அதே பட்டியலில் எந்த ரேங்க் வரைக்கும் அரசுக் கல்லூரி போனது. புதுக் கல்லூரி, கூட்டிய இடங்கள் ஏதாவது இருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகள், 1450 இடங்கள் திறந்த மாதிரி எப்போதாவது நடந்தால் கணக்கே மாறிவிடும், மற்றபடி பெரிதாக மாறாது.

எங்களுக்கு வந்தது நாற்பது பேர் வித்தியாசம். போன வருடம் கடைசியாக உள்ளே போனவரின் ரேங்குக்கு நாற்பது பேர் பின்னால்.

அந்த நாற்பது பேரைப் பற்றி நான் யோசித்த அளவுக்கு அவர்களுடைய பெற்றோர்கூட யோசித்திருக்க மாட்டார்கள். மேலே இருப்பவர்களில் ஜிப்மருக்கு எத்தனை பேர் போவார்கள், எய்ம்ஸுக்கு எத்தனை, அகில இந்திய ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரியைப் பிடித்துக்கொண்டு இங்கே விடுகிறவர் யார், என்று படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். இதில் ஒன்று கவனிக்க வேண்டும், முன்பு அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்பாத இடம் மாநிலத்துக்குத் திரும்பி வரும், கடைசி நேரத்தில் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். சில வருடங்களாக அது கிடையாது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லி ஆறுதல் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளாதீர்கள்.

முதல் ரவுண்டில் வரவில்லை. இவளுக்குப் பதினேழு பேர் முன்னாலேயே பட்டியல் நின்றுவிட்டது. எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் குறிக்கிற சாய்ஸ் ஃபில்லிங்கில் திருச்சி, தஞ்சாவூர் இரண்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று அக்காவுக்கு ஆசை, தூரமாக அனுப்ப மனசில்லை. நான் ஒற்றைக் காலில் நின்று எல்லா அரசுக் கல்லூரியையும் போட வைத்தேன். விளிம்பில் நிற்கிறவர்கள் ஊரைப் பார்த்துத் தேர்வு செய்யக்கூடாது. இரண்டாவது ரவுண்டில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம்!

நானும் 1996-இல் இதற்காக நின்றவன்தான். அப்போது 300-க்குக் கட்-ஆஃப். பிளஸ் டூ உயிரியலுக்கு 100, இயற்பியல் வேதியியல் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100. தினசரியின் ஓரத்தில் பேனாவால் கூட்டிப் பார்த்து அன்றைக்கே அப்பா பி.காம். விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். ஒரு வாரத்தில் முடிந்துபோன துக்கம். இவளுக்கு இரண்டு வருடம்.

சேர்க்கைக்கு நானும் போயிருந்தேன். கல்லூரியில் அனிதா பெயரிலான அரங்கத்தைப் பார்த்ததும் அவள் நின்றாள். 2017-இல் இவள் ஆறாம் வகுப்பு. அந்த வருடம் தொலைக்காட்சியில் அந்தப் படம் வராத நாளில்லை, குழுமூர்ப் பெண், பிளஸ் டூவில் 1200-க்கு 1176, நீட்டால் இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவள்.

"பழைய கட்-ஆஃப் 196.75, இல்லையா மாமா?"

200-க்கு, என்றேன். அக்கா தூரத்திலிருந்து ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஃபைல் யார் கையில் இருக்கிறது என்று சத்தம் போட்டாள். என் கையில்தான் இருந்தது.