மாதர் பாயிண்ட்டில் நான் காட்டிய பெருமாள்

"தெரியும்" என்று ஏன் சொன்னேன் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. டீச்சரம்மாவிடம் சொன்னதற்காவது ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. ஓட்டுநரிடம் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு இல்லை.

லாஸ் வேகாஸில் விடியற்காலை கிளம்பி, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பைப் பார்த்துவிட்டு, அன்றிரவே லாஸ் வேகாஸ் திரும்பும் நாள் அது. போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். முன்பெல்லாம் நான் அழைத்துவரும் சுற்றுலாக் குழுக்கள் ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் இரவு தங்கும். மறுநாள் காலை கேமரன் வழியாகப் போய்க் கிழக்கு வாசலில் நுழைவோம். முதலில் டெசர்ட் வியூ, அங்கே கட்டடக்கலைஞர் மேரி கோல்ட்டர் 1932-இல் கட்டிமுடித்த காவற்கோபுரம், பிறகு விளிம்பை ஒட்டியே 40 கிலோமீட்டர், வழிநெடுகப் பார்வைமுனைகள். அந்த வருடம் விலையைக் குறைக்க ஆபீஸில் அந்த ஓர் இரவை வெட்டிவிட்டார்கள். அச்சடித்த பயணத்திட்டத்தில் மட்டும் டெசர்ட் வியூ அப்படியே இருந்தது.

கணக்குப் போட்டால் இடிக்கும். பயணிகள் பேருந்து ஓட்டுபவர் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். வண்டியில் இருக்கும் கருவி அதை நிமிடக் கணக்கில் பதிந்துகொண்டே வரும், ஏமாற்ற முடியாது. போக வர ஒன்பது மணி நேரம் போனால் மிச்சம் ஒன்று. டெசர்ட் வியூவுக்குப் போய் வர அதுவே போதாது. இது எனக்குச் சென்னையில் இருக்கும்போதே தெரியும். ஆபீஸில் சொன்னேனா என்றால், ஒரு தடவை சொன்னேன். "பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்கள். எங்கள் தொழிலில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது.

பெருமாள் கதையை ஆரம்பித்ததும் நானேதான். கிங்மன் தாண்டியதும் வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்று மைக்கில் சொன்னால் மீதிப் பேரும் தூங்குவார்கள். அதனால் ஒரு தூண்டில் வைத்திருக்கிறேன். "அமெரிக்காவுல ஆதிகாலத்துப் பெருமாள் கோயில் ஒண்ணு இருக்கு, இன்னிக்கு தரிசனம் பண்ணி வைக்கிறேன்." எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு விஷயத்தைச் சொல்வேன். பள்ளத்தாக்குக்குள் தனித்து எழுந்து நிற்கும் பாறைச் சிகரங்களை அங்கே 'டெம்பிள்' என்பார்கள். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880-களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வுக்கு வந்தபோது, அந்த அடுக்கடுக்கான வடிவங்கள் கீழைநாட்டுக் கோயில்களைப் போலத் தோன்ற, ஒன்றுக்கு விஷ்ணு டெம்பிள், இன்னொன்றுக்குச் சிவா டெம்பிள் என்று பெயர் வைத்தார். பிறகு அதே தினுசில் பிரம்மா, புத்தர், பார்சிகளின் ஞானி சொராஸ்டர் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. இதைச் சொல்லி முடித்தால் கைதட்டல் நிச்சயம். அடுத்த கேள்வியும் நிச்சயம்: "அந்தக் கண்ணாடிப் பாலம் எங்க சார்?" அது மேற்கே, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில், 2007-இல் திறந்தது, தெற்கு விளிம்பிலிருந்து சாலை வழியே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று விளக்குவதற்குள் உற்சாகம் வடிந்துவிடும்.

அன்றைக்கு வில்லியம்ஸ் ஊரில் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையின் பலகை முன்னால் பத்து நிமிடம் என்று இறக்கினேன். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. மறுபடி வண்டி ஏறியதும் ஓட்டுநர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். கிழக்குப் பக்கம் இல்லை என்று அர்த்தம். வில்லியம்ஸில் நேரம் போகாமல் இருந்தாலும் அது இல்லைதான். ஆனால் பயணிகளிடம் "போட்டோ ஸ்டாப்ல லேட்டாயிடுச்சு, அதனால காவற்கோபுரம் கட்" என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அதற்காகவே அந்த முப்பத்தைந்து நிமிடத்தை ஓடவிட்டேனா? அப்படி நினைக்க மனம் வரவில்லை. அவசரப்படுத்தினேன் என்றும் சொல்ல முடியவில்லை.

மாதர் பாயிண்ட். (பெயரைக் கேட்டதும் "லேடீஸ் மட்டுமா சார்?" என்று ஒருவராவது கேட்பார். தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர். அவர் பெயர் நம் வாயில் நுழைந்து மாதர் ஆகிவிட்டது.) கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை கீழே பார்க்கிறவர்கள் பேசமாட்டார்கள். முப்பத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாயடைத்து நிற்பது எங்கள் வேலையில் கிடைக்கிற ஒரே ஓய்வு. ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் செல்ஃபி.

டீச்சரம்மா கோவில்பட்டிப் பக்கம். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் தனியாக வந்த ஒரே பெண். தினமும் சின்ன நோட்டில் ஊர்ப் பெயர், தூரம், புறப்பட்ட நேரம் எல்லாம் எழுதிக்கொள்வார். நான் ஏதாவது எண்ணைத் தப்பாகச் சொன்னால் அடுத்த நாள் அவர் திருத்துவார் என்கிற பயம் எனக்கு உண்டு. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, பெருமாள் கோயில்னு சொன்னீயளே. அது எந்தப் பக்கம்?"

இதற்கு முன் பதினொரு தடவை அந்தச் சிகரத்தைக் காட்டியிருக்கிறேன். எல்லாமே கிழக்குச் சாலையிலிருந்து. என்னை முதன்முதலில் கூட்டிவந்த மூத்த மேனேஜர் எந்த இடத்தில் நின்று, எந்த மரத்துக்கு வலப்பக்கம் பார்க்கச் சொன்னாரோ, அதே இடம், அதே மரம். மாதர் பாயிண்ட்டில் நின்று அதைக் காட்ட வேண்டிய தேவை வந்ததே இல்லை. அங்கே வருவதற்கு முன்பே கிழக்கில் காட்டி முடித்திருப்பேன்.

"கிழக்கால போற வழியிலதாம்மா தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, "அங்கதான் போகலைன்னுட்டீயளே?" அதை அவர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற நாலு பேர் கேட்பார்கள். பயணத்திட்டத்தாளை எடுத்து நீட்டுவார்கள். அல்லது "தெரியலம்மா" என்றிருக்கலாம். இரண்டே இரண்டு சொல். இவ்வளவையும் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அப்போது கை தானாக நீண்டது. வடகிழக்கில், கூர்மையாக, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் வெளிறிய கல்லோடு ஒரு சிகரம். பார்த்தால் கோபுரம்தான்.

"அந்தா, அதும்மா."

"அதுவா? ஆமா, கோபுரம் கணக்காத்தான் நிக்கி."

ஷூவைக் கழற்றினார். காலுறையோடு அந்தக் குளிர்ந்த கல்லில் நின்று, கண்ணை மூடி, வெகுநேரம் கும்பிட்டார். இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துச் செருப்பை விட்டார்கள். அடுத்து ஒரு தம்பதி. "பெருமாள் தரிசனம் ஆச்சுப்பா" என்று யாரோ பின்னால் சொல்ல, சிரிப்பும் 'கோவிந்தா'வும் கலந்து எழுந்தன. வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஓட்டுநர் காபிக் கோப்பையோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தார். தமிழ் தெரியாது, ஆனால் விஷ்ணு என்ற சொல் தெரியும், என் கை எங்கே நீண்டது என்பதும் தெரியும். வண்டிக்குத் திரும்பும்போது தாழ்ந்த குரலில் கேட்டார்: "அது சொராஸ்டர் அல்லவா?"

"தெரியும்" என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. தெரியாமல் காட்டிவிட்டேன் என்பது ஒரு பிழை. மன்னிக்கக்கூடியது, திருத்தவும் கூடியது. அந்த ஒரு சொல்லால் அதை நானே தெரிந்து செய்ததாக மாற்றிக்கொண்டேன். பொய்யன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, விவரம் இல்லாதவன் என்று வாங்கக் கூடாது என்று எந்தப் புத்தி சொன்னதோ. இருபது வருடமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர் முன்னால் எனக்கு என்ன கௌரவம் வேண்டிக் கிடந்தது? அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். திரும்பும் வழி முழுக்க என்னிடம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் மரியாதையாகப் பேசினார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அதோடு விட்டிருந்தாலும் சரி. அடுத்த நிறுத்தம் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகம். விளிம்பின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். பெரிய கண்ணாடி ஜன்னல்கள். எதிரே தெரிகிற சிகரம் எது, பாறை எது என்று ஜன்னலடியில் படத்தோடு பெயர்கள். டீச்சரம்மா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். நான் அவருக்கு முன்னால் போய், அந்தச் சிகரத்தின் படம் இருந்த பலகையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றுகொண்டேன். களைத்துப்போனவன் மாதிரி. அவர் நின்றார், என்னைப் பார்த்தார், "உக்காருங்க தம்பி, காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கீய" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

வெளியே 'காலத்தின் பாதை' தொடங்குகிறது. நடைபாதையில் மீட்டருக்கு ஒரு வெண்கல வில்லை, ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. அவர் வில்லைகளை எண்ணிக்கொண்டே நடந்தார். "இதெல்லாம் சரியா அளந்துதான் பதிச்சிருப்பாவளா?" என்று கேட்டார். "சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் பக்கத்து நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன். டட்டன் யார்? அவரும் விளிம்பில் நின்று கைகாட்டிப் பெயர் வைத்தவர்தானே? அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஹாவாசுபாய்களிடமும் ஹோப்பிகளிடமும் கேட்டா வைத்தார்? கல்லுக்கு அவர் வைத்தால் பெயர், நான் வைத்தால் பொய்யா? இன்னொன்று: பள்ளத்தின் அடியில் ஆற்றை ஒட்டி இருக்கும் கறுத்த பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். ஏறத்தாழ 170 கோடி ஆண்டுப் பழமை. அதனூடே இளஞ்சிவப்பு நரம்பாக ஓடும் கல்லுக்குச் சொராஸ்டர் கிரானைட் என்று பெயர். அடியில் இரண்டும் பின்னிக்கிடக்கும்போது மேலே எந்தச் சிகரம் யாருடையது என்று எதற்கு வழக்கு?

இந்த வாதம் எனக்கு விமானத்தில் தோன்றியது. தோன்றியபோது பிரமாதமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன்: டட்டன் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தார், நான் காவற்கோபுரம் விட்டுப்போனதை மறைக்கக் கை நீட்டினேன். கறுத்த பாறையைப் பற்றி அவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாமே, அதற்குப் பொய்யே வேண்டாமே. விஷ்ணு பெயர் கொண்ட கல் காலடியில் கிடக்க, ஒரு பார்சி ஞானியின் சிகரத்தைக் காட்டி அனுப்பினேன்.

பயன் மட்டும் கைமேல் கிடைத்தது. கருத்துப் படிவங்களில் டெசர்ட் வியூ விட்டுப்போனதைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. நாலு பேர் 'பெருமாள் தரிசனம்' என்று எழுதியிருந்தார்கள். ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, நல்லா சமாளிச்சிருக்கே என்றார்கள். இரவை வெட்டினால் சரிவருமா என்ற பேச்சு அதோடு நின்றது. அடுத்து வந்த மூன்று குழுக்களும் அதே ஒரு நாள் பயணம்தான். அந்த மூன்று தடவையும் கிங்மன் தாண்டியதும் மைக்கைப் பிடித்தேன். பெருமாள் கதையை விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், பின் வரிசையில் கொட்டாவி தெரியும், சொல்லிவிடுவேன். மாதர் பாயிண்ட்டில் யாராவது கேட்டால் இப்போது "கிழக்கே தூரத்துல" என்று பொதுவாகக் கைவீசுகிறேன். அது பொய் இல்லை.

வைகுண்ட ஏகாதசியன்று டீச்சரம்மாவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. அந்தச் சிகரத்தைச் சட்டம் போட்டு, பூஜை அறையில் வைத்து, துளசி மாலை சாத்தியிருந்தார். கீழே, "நீங்கள் காட்டிய பெருமாள்" என்று எழுதியிருந்தார். பதில் அடித்தேன், அழித்தேன். மூன்று தடவை. கடைசியில் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். அவர் அருங்காட்சியகத்தில் அந்தப் பலகையை வாசித்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு அவ்வப்போது வரும். 'விஷ்ணு டெம்பிள்' என்று எழுதாமல் 'நீங்கள் காட்டிய' என்று எழுதியது ஏன்? எண்ணுக்கு எண் சரிபார்த்து எழுதுகிறவர் அவர். ஆனால் இது எனக்கு வசதியான சந்தேகம். அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அடுத்த மே மாதக் குழுவின் பட்டியல் போன வாரம் வந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் இரவு திரும்ப வந்துவிட்டது; விலை ஏறியிருக்கிறது. பட்டியலில் பதினாறாவது பெயர் டீச்சரம்மாவின் தங்கை. பதிவு செய்யும்போதே குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்: அக்கா கும்பிட்ட அதே கோபுரத்தைத் தனக்கும் காட்ட வேண்டுமாம், படம் போனில் இருக்கிறதாம். கிழக்கு வாசல் வழியாகத்தான் நுழைகிறோம். விஷ்ணு டெம்பிள் முதலில் வரும். மாதர் பாயிண்ட் அதற்கப்புறம்.