பாமினியிலிருந்து கோஹாவுக்கு

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வாசிகசாலையில் முன்பு விலைக்கு வாங்கிய நூலக மென்பொருள்தான் இருந்தது. உரிமக் காலம் முடிந்ததும் அது திறக்க மறுத்தது. விற்றவர்களோ தொலைபேசியை எடுக்கவே இல்லை. நூற்பட்டியலின் எக்செல் பிரதி கையில் இருந்தது, தப்பினோம். இனி எவருடைய தயவும் வேண்டாம் என்று நிர்வாக சபை கோஹா என்ற கட்டணமில்லா நூலக மென்பொருளைத் தெரிவு செய்தது.

நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகங்களுக்கும் இதே போன்றதொரு தலையிடிதான். 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் வேலை செய்யாது என்ற நிலையில், 1999இல் கோஹாவை எழுதுவித்து, 2000இல் பொதுவில் விட்டார்கள். உரிமக் கட்டணம் கிடையாது. லினக்ஸ் தெரிந்த தம்பி ஒருவர் பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு அதை நிறுவித் தந்தார்.

உயிரை வாங்கியது, பட்டியலைத் தட்டியிருந்த பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் கிடப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அப்படியே மாற்றியில் போட்டால் தமிழ்த் தலைப்புகள் யூனிகோடாகும். நடுவே இருக்கும் ஆங்கில நூல்களின் தலைப்புகள் உளறலாகிவிடும். சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் எழுத்துரு விவரம் போய்விடும், பிறகு எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரிக்க வழியில்லை. ஆகவே எக்செல்லிலேயே இரண்டையும் பிரித்தோம். மாற்றிய பிறகும், துணைக்காலுக்குப் பதிலாக ரகரம் தட்டியிருந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள் ஆயிற்றே!

நூலகப் பதிவுகளைத் தயாரிக்கும் மார்க்எடிட் மென்பொருளில் தலைப்பை 245ஆம் புலத்திலும் பிரதி விவரத்தை 952இலும் பொருத்தி ஏற்றினோம். நூல்கள் உள்ளே போயின, தமிழில் தேடினால் வரவில்லை. கோஹாவின் தேடல் பொறியான ஸீப்ராவை, யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, தேடல் அட்டவணையை முழுமையாக மீளக் கட்டிய பிறகே வந்தன. இதைச் சோதிக்காமல் எந்த நூலகமும் தமிழ்ப் பதிவுகளை மொத்தமாக ஏற்றக் கூடாது என்பேன்.

இப்போது நூலாசிரியர் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறோம். 'கா. சிவத்தம்பி', 'கார்த்திகேசு சிவத்தம்பி', 'சிவத்தம்பி, கா.' மூவரும் கோஹாவின் கண்ணில் மூன்று பேர். பெயருக்கொரு நியமப் பதிவு உருவாக்கி எல்லாவற்றையும் அதனுடன் இணைக்க வேண்டும், மெதுவான வேலை. அது முடியும்வரை வாசகரைக் காக்க வைக்காமல் இரவல் வழங்கலைத் தொடங்கிவிட்டோம். பார்கோட் ஒட்டாத நூலை யாராவது கொண்டுவந்தால், அந்த இடத்திலேயே ஒட்டிப் பதிந்து கொடுக்கிறோம்.