யாழ்ப்பாண முந்திரிகையில் சிவப்பு நுரை

நுரைக்கிற வைன் என்றதும் ஷாம்பேன்தான் நினைவுக்கு வரும். ஆனால் இத்தாலியில் மொடெனா, ரெஜ்ஜோ எமிலியா பக்கத்தில் லம்ப்ருஸ்கோ என்று சிவப்பிலேயே நுரைக்க வைத்துக் கொழுப்பான பன்றி இறைச்சியோடு குடிக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் ஷிராஸ் என்ற முந்திரிகையில் (திராட்சையில்) செய்வது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே உண்டு. சிவப்பு வைன் என்றாலும் இவற்றை நன்றாகக் குளிர வைத்துத்தான் ஊற்றுவார்கள். கொழும்புப் புழுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிவப்பு இருக்குமா என்ன?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் வைன் செய்வது இங்கே சட்டப்படி ஆகாது. அதனால் நான் எடுத்தது இஞ்சி பியர் வழியை, அதாவது போத்தலுக்குள் கொஞ்சமாகப் புளிக்கவிட்டு, நுரை வந்ததும் நிறுத்திவிடுவது. இதற்கு ஒரு கணக்கு துணை வந்தது. லீற்றருக்கு 4 கிராம் சீனி புளித்தால் போத்தலுக்குள் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் சேரும். ஷாம்பேனுக்கு 24 கிராம் போட்டு 6 பார் வரை ஏற்றுவார்கள். லம்ப்ருஸ்கோ பலவற்றில் அழுத்தம் 2.5 பாருக்குள்தான், அதற்கு 10 கிராம் போதும். ஒரு சதவீத அற்ககோலுக்கோ 17 கிராம் வேண்டும். ஆக, நுரை வந்துவிடும், அற்ககோல் 0.6 சதவீதத்தில் நின்றுவிடும். நிறுத்தத் தெரிந்தால்!

வெள்ளவத்தையில் வாங்கிய யாழ்ப்பாணத்து இஸ்ரேல் புளூ முந்திரிகை. நிறமெல்லாம் தோலில்தான், சதை வெளிறியது. அதனால் பிசைந்து தோலோடு அடுப்பில் வைத்தேன். 60, 70 பாகைக்கு மேல் போகவிடக் கூடாது, கொதித்தால் ஜாம் வாசம் வந்துவிடும். ஆறியதும் வடித்தால் நல்ல கருஞ்சிவப்பு.

அதை அப்படியே நுரைக்க வைத்தபோது அம்மா குடித்துப் பார்த்து, "இதென்ன, நெக்டோவோ?" என்றா. சரிதான், அந்தச் சோடா மாதிரி வெறும் இனிப்பு. சிவப்பு வைனில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இதில் இல்லை. என்னைக் கேட்டால் சிவப்பு நுரையின் ருசியே அந்தத் துவர்ப்பும் குமிழியும் மோதுவதில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டிய டானின் என்ற துவர்ப்புப் பொருள் நம் குசினியிலேயே உண்டு, சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி. பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கலந்ததும் பானத்தின் குணமே மாறிவிட்டது. அதற்கு மேல் போனால் வாய் வறண்டுவிடும். குளிரும் வாயுவும் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். அவுஸ்திரேலியர்கள் தங்கள் ஷிராஸில் கொஞ்சம் இனிப்பை விட்டுவைப்பதும் இதனால்தான். புளிப்புக்குச் சில துளி தேசிக்காய்.

ஈஸ்ட், பாணுக்குப் போடுவதில் ஒரு சிட்டிகை. ஷாம்பேன் ஈஸ்ட் இன்னும் சுத்தமாக இருக்கும், இதில் மெல்லிய பாண் வாசம் நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

போத்தல் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கண்ணாடி கூடவே கூடாது. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான், கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டு. மேலே சொன்ன பார் கணக்கு குளிர்ந்த போத்தலுக்கு. நம் சூட்டில் அதே வாயு இன்னும் பலமாக அழுத்தும். சாற்றில் இருக்கிற சீனியில் சிறு பங்குதான் செலவாகிறது, மிச்சம் முழுக்க ஈஸ்டுக்குத் தீனி. அழுத்திப் பார்த்து, போத்தல் விறைத்ததும் உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். காலையில் மூடினால் பின்னேரமே விறைத்துவிடும். பிரிட்ஜும் ஈஸ்டை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. அதனால் இரண்டொரு நாளில் குடித்து முடிப்பதுதான் நல்லது. அடியில் படியும் மண்டி கலங்காமல் ஊற்ற வேண்டும்.

சூடான மட்டன் ரோல்ஸோடு குடித்தபோதுதான் எமிலியாக்காரர்கள் ஏன் கொழுப்பான இறைச்சியைத் தேடுகிறார்கள் என்று விளங்கியது. எண்ணெய்ப் பிசுக்கைத் துவர்ப்பும் குமிழியும் சேர்ந்து கழுவிக்கொண்டு போகின்றன.

இனித் தேத்தண்ணியையும் தேசிக்காயையும் விட்டுவிட்டு நெல்லிச்சாறு சேர்க்கப் போகிறேன். துவர்ப்பு, புளிப்பு இரண்டும் அதிலேயே உண்டு. நிறம் எப்படி நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.